தண்ணிக்காரி அன்னக்கொடி

அன்னக்கொடி மலை வேலைக்குப் போன வருஷங்களில் ஒரு தடவைகூடக் கண்ணைத் திறந்துகொண்டு போடிமெட்டு ஏறியதில்லை. தோட்டத்து ஜீப்பில் உட்காரும் இடம் ஊர்க்காரர்களுக்கு. காலனி ஆட்கள் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வளைவில் வண்டி திரும்பும்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. கீழே எங்கேயோ போடி இருக்கும். கண்ணை மூடி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே மேட்டுக்கு வந்து சேர்வாள். இறங்கிய பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருக்கும்.

"இவளக் கம்பியோட பேத்து எடுத்துட்டுத்தான் போகணும்" என்பான் அவள் புருஷன் திருப்பதி.

போடிக்குப் பக்கத்தில் சிலமலைக் காலனியில் பிறந்தவள். இடிக்குப் பயந்தாள். ஊர்த்தெரு வழியாகத் தலையில் புல்லுக்கட்டோடு போகும்போது யாராவது கூப்பிட்டால் பயந்தாள். காக்கிச்சட்டையைக் கண்டால், அது தபால்காரராக இருந்தாலும், வீட்டுக்குள் போய்விடுவாள். அட்டைக்கும் பாம்புக்கும் மட்டும் பயந்ததில்லை. அவை ஆள் பார்த்துக் கடிப்பதில்லை.

தோட்டம் மேட்டுக்கு அந்தப் பக்கம், மலையாளத்துச் சரிவில் இருந்தது. ஏலக்காய் பழுக்கும் மாதங்களில் ஆட்கள் அங்கேயே லயத்தில், வரிசைக் குடிசைகளில், தங்குவார்கள். மேல் லயம் ஊர்க்காரர்களுக்கு, கீழ் லயம் காலனிக்கு. இரண்டுக்கும் நடுவே ஓடை. மேல் லயத்தார் ஓடையின் மேல்பக்கம் தண்ணீர் எடுத்த பிறகு கீழே வருவது கீழ் லயத்துக்கு. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஓடை எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை அல்லவா, அதுபோல.

காட்டுக்குள் காய் எடுக்கும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டுவர ஒரு பெண் இருப்பாள். தண்ணிக்காரி. குனிந்தபடியே செடிக்குச் செடி நகர்கிறவர்களிடம் குடத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டு போவாள். மேல் லயத்தார் செம்பை வாங்கி அண்ணாந்து குடிப்பார்கள். கீழ் லயத்தார் குனிந்து இரண்டு கையையும் வாயோடு சேர்த்து வைத்தால், மேலேயிருந்து ஊற்றுவாள். செம்பு கையில் பட்டுவிடக் கூடாது. தண்ணிக்காரி எப்போதும் மேல் லயத்துப் பெண்ணாகவே இருந்தாள். அவள் கொண்டுவந்தால்தான் எல்லோரும் குடிக்க முடியும்.

ஏலக்காய் ஸ்டோரில் காயைச் சூட்டில் உலர்த்துகிற வேலை கோட்டைச்சாமிக்கு. அவனும் காலனிதான். நெருப்புக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவன் கண் எப்போதும் சிவந்திருக்கும். சங்கத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தவன் அவன். சாமி கும்பிடாதவன். கூலி, மழைக்குக் கம்பளி, பேறுகாலச் சம்பளம் என்று கேட்டபோது மேல் லயமும் சங்கத்தில் இருந்தது. எழுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதக் கூட்டத்தில் அவன் புதிதாக ஒன்றைச் சொன்னான். தண்ணி சுமக்கிற வேலை முறை வைத்து இரண்டு லயத்துக்கும் வர வேண்டும். எல்லோருக்கும் ஒரே செம்பு. மேல் லயத்துக்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சுருளிவேல் என்று ஒருவர், நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கிறவர், உட்கார்ந்தே இருந்தார். எழுந்திருக்க மறந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மேனேஜர் எதிர்பாராதவிதமாகச் சரி என்றார். கீழ் லயத்தில் எந்தப் பெண்ணும் துணிய மாட்டாள் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒருத்தியும் வரவில்லை. சரிவில் குடம் சிந்தாமல் நடப்பவள் அன்னக்கொடி, அவள் போகட்டும் என்றார்கள். அவள் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோட்டைச்சாமி வெளியே நின்று பேசினான். திருப்பதி உள்ளே நின்று பேசினான். கடைசியில், கருப்பசாமியிடம் பூக்கட்டிப் பார்ப்போம், சாமி சொன்னால் போகிறேன் என்றாள். சாமி வேண்டாமென்று சொல்லிவிடும் என்று நம்பித்தான் அப்படிக் கேட்டாள்.

காலனியில் எதற்கும் அதுதான் வழக்கம். கல்யாணமா, கிணறு வெட்டுவதா, வழக்குக்குப் போவதா, ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

ஓடைக்கரையில் கருப்பசாமி என்று ஒரு கல் இருந்தது. கோட்டைச்சாமிதான் இலையில் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். சாமி கும்பிடாதவன் அதைச் செய்ததை எல்லோரும் பெரிய விட்டுக்கொடுத்தலாக நினைத்தார்கள். அன்னக்கொடியே எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை அரளி. கோட்டைச்சாமி மற்றதை ஓடையில் எறிந்தான்.

சாமி சொல்லிவிட்டது. இனி சுமக்காமல் இருப்பதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

முதல் நாள் மேல் லயத்துப் பெண்கள் வரிசைக்கு அவள் குடத்தோடு போனபோது யாரும் நிமிரவில்லை. கையில் செம்பை நீட்டியபடி ஒவ்வொரு செடியாக நின்றாள். தாகமில்லை என்றார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னடி, பந்தியில பரிமாற வந்துட்டயா? எலையப் போடச் சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்னக்கொடியும் சிரித்தாள். பயத்தில் அவளுக்கு எப்போதும் சிரிப்பு வந்துவிடும். அதற்காகவே நிறையத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

கீழ் லயத்தாரிடம் வந்து செம்பை நீட்டினாள். அவர்களும் வாங்கத் தெரியாமல் குனிந்து கையைச் சேர்த்தார்கள். அவளுக்கும் ஊற்றத்தான் வந்தது. "கையில குடு புள்ள" என்று யாரோ ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மேல் லயத்தார் தாகத்துக்கு ஓடைவரை இறங்கிப் போய்க் குடித்துவிட்டு ஏறி வந்தார்கள். எடுத்த காயின் எடை குறைந்தது. கங்காணி வெள்ளைத்துரை அவளைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பினார். அவள் காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பாள். பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று பக்கத்துக் குடிசை மொக்கம்மாள் சந்தோஷப்பட்டாள். அது அதுவல்ல. ஓடையில் குடத்தை முக்கும்போது கருப்பசாமிக் கல்லைப் பார்த்துக்கொள்வாள். பிறகு கருப்பு முன்னால் போவதாகவும், அதன் காலடி பட்ட இடத்தில் தான் கால் வைப்பதாகவும் நினைத்துக்கொண்டு நடப்பாள். அப்படி நினைத்தால்தான் கால் நகரும்.

ஒரு மத்தியானம் சுருளிவேல் மரத்திலிருந்து இறங்கினார். உடம்பெல்லாம் பட்டைத்தூள். அவள் செம்பை நீட்டவில்லை, அவரைக் கடந்து போகத்தான் போனாள்.

"இந்தா, இங்க கொண்டா" என்றார்.

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்பை வாங்கிய கை நடுங்கியது. அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. தொண்டை ஏறி இறங்குவதை அவள் கிட்டத்தில் நின்று பார்த்தாள். ஆம்பளை ஒருவன் அந்த அளவுக்குப் பயந்து அவள் பார்த்ததில்லை. செம்பைத் திருப்பிக் கொடுப்பார் என்று கையை நீட்டினாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். இரண்டாவது செம்பும் நடுங்கியது.

அன்று சாயங்காலமே மேல் லயத்தில் சுருளிவேல் வீட்டை ஒதுக்கிவைத்து, அடுப்புக்கு நெருப்புக் கொடுப்பதை நிறுத்தினார்கள். மறுநாள் காலை ஆள் எடுக்கும்போது கங்காணி அவர் பெயரையும் அன்னக்கொடி பெயரையும் கூப்பிடவில்லை. சங்கம் வேலையை நிறுத்தியது. கீழ் லயம் முழுக்கவும், சுருளிவேலும்.

டெல்லியில் அவசரநிலை அறிவித்திருந்தார்கள் என்பதும், வேலைநிறுத்தம் கூடாது என்பதும் கோட்டைச்சாமிக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் போலீஸ் வேன் லயத்து முன்னால் வந்து நின்ற பிறகு தெரிந்தது. கோட்டைச்சாமியை ஸ்டோரிலிருந்து பிடித்தார்கள். சுருளிவேலைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பினார்கள். திருப்பதி சங்கத்துக் கொடியைக் கூரையில் ஒளித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். வேனில் ஏறும்போது அவன் அன்னக்கொடியைத் தேடினான். அவள் ஏலச்செடிக்குள் படுத்திருந்தாள். வேன் போன சத்தம் அடங்கி, மழை பிடித்து, மழையும் விட்ட பிறகுதான் எழுந்து வந்தாள்.

வழக்கு நிற்க ஒரு சாட்சி வேண்டியிருந்தது. கோட்டைச்சாமியும் சுருளிவேலும் அரிவாளோடு வந்து மிரட்டித் தன்னைத் தண்ணி சுமக்கவைத்தார்கள் என்று அன்னக்கொடி சொல்ல வேண்டும். அரிவாளைக் காட்டித்தான் மேல் லயத்தாரைக் குடிக்கச் சொன்னார்கள் என்றும் சொல்ல வேண்டும். தன் புருஷனும் மிரட்டலுக்குப் பயந்து சேர்ந்தவன்தான் என்று சொன்னால் அவனை விட்டுவிடுவார்கள். மேனேஜர் பங்களாவில் வைத்துக் கங்காணி இதை அவளுக்கு விளக்கினார். திங்கட்கிழமை மலையாளத்து இன்ஸ்பெக்டர் வருவார். சொல்லாவிட்டால் அவளும் போக வேண்டியதுதான். பொம்பளைகளுக்கும் ஜெயில் உண்டு.

அவள் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மொக்கம்மாளோடு மேட்டைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிட்டாள். அந்த வருஷம் மலையில் பலரும் செய்தது அதுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் சென்னையில் இருந்த ஆட்சி அவசரநிலையைக் கண்டுகொள்ளவில்லை. மேட்டுக்குக் கீழே வந்துவிட்டால் மலையாளத்துப் போலீஸின் கை எட்டாது என்று எல்லோரும் சொன்னார்கள். அன்னக்கொடி அதை நம்பினாள். சிலமலையில் அண்ணன் அமாவாசை வீட்டில் இருந்துகொண்டு கடலைக்காட்டுக்குக் களை பறிக்கப் போனாள். காக்கிச்சட்டைக்கு மட்டும் முன்போலவே உள்ளே போய்விடுவாள்.

திருப்பதியைப் பற்றி ஒரே ஒரு தகவல் வந்தது. வடக்கே ஏதோ ஒரு ஜெயிலில் இருக்கிறான், இருமல்.

தைப் பொங்கல் கழிந்து கங்காணி வெள்ளைத்துரை காலனி எல்லையில் வந்து நின்று ஆளனுப்பினார். அவர் உள்ளே வருவதில்லை. அன்னக்கொடி போய்ப் பத்தடி தள்ளி நின்றாள். அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளை அதிகம் நடுக்கியது.

"ஏத்தா, ஒன்னைய யாரு என்ன செஞ்சா? எறங்கி ஓடியாந்துட்ட. அங்க ஒம் புருசன் ரத்தமாத் துப்புறான்."

அவள் சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சாமி உத்தரவு கொடுத்துத்தான் சுமந்தேன், யாரும் மிரட்டவில்லை என்று எப்படியோ சொல்லிமுடித்தாள். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, ரொம்ப நேரம் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

"சாமியா? கோட்டைச்சாமிக்குச் சாமி ஏது, பூதம் ஏது? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூத்தான் வச்சிருந்தான். நீ எதை எடுத்தாலும் போகத்தான் வேணும். போயி மொக்கம்மாளக் கேளு. ஒன்னைய ஏமாத்திக் கொடத்தத் தூக்கிவிட்டவனுக்காக நீ தாலிய அறுத்துக்கப் போறயா?"

மொக்கம்மாள் முதலில் தெரியாது என்றாள். பிறகு அழுதாள். பூக்கட்டிய அன்று ஓடையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். கோட்டைச்சாமி எறிந்த பொட்டலம் மிதந்து வந்து அவள் முன்னால் கல்லில் சிக்கிக்கொண்டது. பார்க்கக் கூடாது என்று தெரியும். பிரித்துவிட்டாள். வெள்ளை அரளி. பார்க்கக் கூடாததைப் பார்த்த பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வேலைநிறுத்தத்தின்போது அரிசி தருவதாகச் சொன்ன கங்காணியிடம் வாய் தவறி வந்துவிட்டது.

"நல்லதுக்குத்தானத்தா செஞ்சிருப்பாரு" என்றாள் மொக்கம்மாள்.

அன்னக்கொடிக்கு முதலில் கோபம் வரவில்லை. குடத்தோடு நடந்த நாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மேல் லயத்துப் பெண்களின் வரிசை. ஈர இலை. முன்னால் யாரும் போயிருக்கவில்லை. அத்தனை நாளும் தனியாகத்தான் போயிருக்கிறாள். முடிந்துபோன அந்த நாட்களுக்காக இப்போது புதிதாகப் பயந்தாள். அமாவாசை வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

கோபம் அடுத்த நாள் வந்தது. வந்த பிறகு போகவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அமாவாசைக்கு நிம்மதி. தங்கச்சி வீட்டில் இருக்கும்வரை தன் வீட்டு வாசலிலும் ஜீப்பு வந்து நிற்கும் என்று அவனுக்குப் பயம்.

"வெரசாப் போயிச் சொல்லிட்டு வந்துரு. நம்மளுக்கு என்னத்துக்கு இந்தச் சோலி?"

ஆனால் போலீஸைத் தேடிப் போக அவளால் முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தாள். அப்படி இருந்தபோதுதான் தை மாத நடுவில் சென்னையில் ஆட்சியைக் கலைத்தார்கள். கடைத்தெருவில் ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றதைப் பார்த்தாள். விஷயம் புரியவில்லை. சங்கத்துக்காரர்கள் போடியை விட்டு ஓடுவதைப் பார்த்தவர்கள் வந்து சொன்ன பிறகு புரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இனி எதுவும் இல்லை.

ஜீப்பு பகலில் வந்தது. அவள் காட்டுக்குள் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றியபோது ஜீப்பு வாசலுக்கு வந்துவிட்டது. காலனியே பார்த்துக்கொண்டிருக்க ஏற்றினார்கள். முதல்முறையாக ஜீப்புக்குள் உட்கார்ந்து போனாள்.

மலைக்குக் கீழே ஒரு ஸ்டேஷன். அந்த ஊர் ஏட்டையாவும், மலையிலிருந்து இறங்கி வந்திருந்த மலையாளத்து இன்ஸ்பெக்டரும் இருந்தார்கள். வெளியே பெஞ்சில் கங்காணி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து, சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா என்பதுபோலத் தலையசைத்தார். ஞாபகம் இருந்தது. வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அரிவாள். ராத்திரி நேரம். ரெண்டு பேரு. எம் புருசனையும் மெரட்டுனாங்க.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தார். "பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். மலையில் இத்தனை வருஷம் இருந்ததில் அவளுக்கு அது தெரியும். அந்தச் சொல்லை யாராவது சொன்னால் பயப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

ஏட்டையா எழுதத் தயாரானார். தண்ணி சுமக்கச் சொன்னது கோட்டைச்சாமிதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். இஷ்டப்பட்டுச் சுமந்தாயா என்றார். இல்லை என்றாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கங்காணி வாசலில் எழுந்து நின்றார்.

"சுருளிவேல் அருவாளோட வந்து மெரட்டுனானா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் அவளுக்குச் சுருளிவேலின் தொண்டைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஏறி இறங்கியது. தண்ணீர் வழிந்தது. அந்தக் கையில் அரிவாளை வைத்துப் பார்க்க முயன்றாள். வைக்க முடியவில்லை. நடுக்கத்தில் கீழே விழுந்துவிடும்.

"கேக்குறது காதுல விழுகல?"

"அவரு என்னையவிடப் பயந்து போயிருந்தாரு சாமி."

ஏட்டையா எழுதாமல் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டர் என்ன என்று கேட்டார். ஏட்டையா மலையாளத்தில் சொன்னார்.

அரிவாள் இருந்ததா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார்கள். இல்லை என்றாள். கோட்டைச்சாமி? அவனும் மிரட்டவில்லையா? அவன் பெயரைக் கேட்டதும் கோபம் வந்தது. அதை வைத்தாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். வந்தது வேறு.

"கோட்டைச்சாமி அண்ணே ஏமாத்துனாரு சாமி. மெரட்டல."

எப்படி ஏமாற்றினான் என்று கேட்டார்கள். பூக்கட்டியதைச் சொன்னாள். ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ வைத்ததைச் சொன்னாள். வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். ஏட்டையாவும் சிரித்துவிட்டு, பேனா மூடியால் தலையைச் சொறிந்தபடி, அதை எந்தச் செக்‌ஷனில் போடுவது என்று மற்றவர்களைக் கேட்டார். அவளும் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அறைந்தார். சுவரில் தலை இடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடம் நனைந்தது. அதைப் பார்த்து அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போனார்.

புருஷன் வெளியே வர வேண்டாமா என்று ஏட்டையா தணிந்த குரலில் கேட்டார். வர வேண்டும் என்றாள். அப்படியென்றால் ஒரு வார்த்தை சொல் என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு நடுக்கம் கூடியதே தவிர, அந்த வார்த்தை வரவில்லை. சாயங்காலம், இந்தப் பைத்தியத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் வழக்கே சிரிப்பாகிவிடும் என்று வெளியே தள்ளினார்கள்.

அரிவாள் வழக்கு அத்தோடு நின்றுபோனது. ஆனால் மூன்று பேரையும் விடவில்லை. வழக்கில்லாமலே வைத்திருக்க அப்போது சட்டம் இருந்தது. அமாவாசை தங்கச்சியை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அவள் மொக்கம்மாளோடு ஒரு குச்சுக் குடிசையில் இருந்தாள். பிறகு போடியில் ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் காய் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. முகத்தில் வீக்கம் வடிந்தும் ஒரு காதில் இரைச்சல் நிற்கவில்லை. கிடங்கு வாசலில் ஜீப்பு நின்றால் சுளகை வைத்துவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவாள். ஏலக்காய் லோடு ஏற்ற வந்த ஜீப்பாகத்தான் எப்போதும் இருக்கும்.

எழுபத்தேழு பங்குனியில் அவசரநிலை முடிந்தது. திருப்பதி வந்து சேர்ந்தான். பாதி ஆளாக இருந்தான். காலனி வாசலில் கொட்டடித்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் குச்சுக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். இருமல் அடங்க ஒரு வருஷம் ஆனது. அவளிடம் அதிகம் பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தான். ஜெயிலில் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. ஸ்டேஷனில் நடந்ததை அவனும் கேட்கவில்லை. யாரோ சொல்லி அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. சுருளிவேல் திரும்பவும் மலைக்குப் போகவில்லை. தேவாரம் பக்கம் யாருடைய தோப்புக்கோ காவலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தோட்டத்தில் தண்ணிக்காரி என்ற வேலையையே எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு.

கோட்டைச்சாமி சங்கத்தில் பெரிய ஆளானான். எண்பத்தாறில் போடியில் ஒரு கூட்டம் போட்டான். தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரனுக்குத் தனிக் குழாய், தனி பஸ், தனிப் பள்ளிக்கூடம் என்று இருப்பதை எதிர்த்துச் சுரங்கத்திலும் ஆலையிலும் சங்கம் வைத்தவர்களைச் சிறையில் அடைத்திருக்கிறார்கள். அவர்களை விடச் சொல்லித் தீர்மானம். ஏலக்காய்க் கிடங்குப் பெண்கள் எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். திருப்பதியும் வந்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

அந்த ஊர்ப் பெயர்கள் அவளுக்கு நாக்கில் நிற்கவில்லை. உள்ளே இருப்பவர்களின் வீட்டுப் பெண்களையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறது என்று கோட்டைச்சாமி சொன்னபோது மட்டும் நிமிர்ந்தாள். என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவன் சொல்வானென்று காத்திருந்தாள். அவன் அதற்குப் போகவில்லை. பேச்சு அவளிடம் வந்துவிட்டது. நம்ம ஊரிலும் அப்படி ஒருத்தி உண்டு, போலீஸுக்கு அஞ்சாத ஒருத்தி என்று அவள் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து நின்றாள். மேடைக்கு ஓரத்தில் காக்கிச்சட்டை ஒன்று நின்றது. உடனே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் வெயில் சாய்வதற்குள் முடிந்தது. பஸ்சுக்கு நின்றார்கள். திருப்பதி துண்டைத் தலையில் கட்டி அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

"கூட்டத்துல எல்லாம் கை தட்டுனாங்க" என்றான்.

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"எனக்குக் கை வரல. ஜெயில்ல வச்சு எங்கிட்டச் சொன்னாங்க, ஒம் பொண்டாட்டி சொல்லப் போறா, நீ போயிரலாம்னு. தெனம் கதவு தெறக்கையில எந்திரிச்சு நின்னேன். நீ சொல்லணும்னுதான் கும்புட்டேன். அவுங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் படுத்திருப்பாங்க. படுத்திருக்கையிலதான் கும்புட்டேன்."

ஜெயிலிலிருந்து வந்த இந்த ஒன்பது வருஷத்தில் அவன் இவ்வளவு நீளமாக அவளிடம் பேசியதில்லை. சொல்லி முடித்துவிட்டு, அடிவாங்கப் போகிறவன்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"நானும் சொல்லத்தான் போனேன்" என்றாள்.

அவன் திரும்பினான்.

"ஸ்டேசனுக்குள்ள போறவரைக்கும் சொல்லத்தான் போனேன். எதுக்குச் சொல்லலன்னு எனக்கே வெளங்கல. அவரு கையி அப்படி நடுங்குச்சு."

யார் கை என்று அவன் கேட்கவில்லை. சுருளிவேல் ஜெயிலில் ராத்திரியெல்லாம் தூக்கத்தில் உளறுவார், இவன்தான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது என்று சொன்னான். என்ன உளறுவார் என்று அவள் கேட்டாள். புரியவில்லை என்றான். அவர் காவலுக்குப் போன தேவாரத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தான். காலையில் உண்டு என்றார் அவர்.

சிலமலை பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவள் முன்பக்கமும் அவன் பின்பக்கமும் ஏறினார்கள்.